மகாதீபத் திரியும் மஞ்சள் பையும்

கார்த்திகை பிறந்ததும் அன்பர்களின் மனம் அண்ணாமலையின் உச்சியை நாடுகிறது. 2668 அடி உயரத்தில் ஏற்றப்பட்டு 11 நாட்கள் ஒளிரும் மகாதீபத்தைக் காண்போர், கொப்பரையில் வார்க்கப்படும் நெய்யைப் பற்றி வியந்து பேசுவர். அந்நெய்யை ஏந்தி எரியும் திரியை எண்ணுவோர் சிலரே. பல நூறு மீட்டர் காடாத் துணி அத்திரிக்கு வேண்டியிருக்கிறது. அது பட்டுமன்று, சரிகையுமன்று. சாயம் காணாத எளிய பருத்தித் துணி. சோதியாக நிற்கும் பேறு அதற்கு வாய்த்திருக்கிறது. அந்தத் துணியே இவ்வாரம் நம் சிந்தனைக்குரியது.

கார்த்திகைக்கு உடன்பிறந்தாளுக்குச் சீர் அளிப்பது நம் குடும்பங்களின் வழக்கம். வங்கிப் பணியில் காலம் கழித்தவன் ஆதலால், திருக்கோவிலூரில் வாழும் என் தமக்கையாருக்குப் பல ஆண்டுகள் அவர் கணக்கிலேயே பணம் செலுத்தி வந்தேன். ஓர் ஆண்டும் தவறியதில்லை என்ற பெருமிதமும் எனக்குண்டு. ஒருமுறை அவர் சொன்னார்: “பணம் வந்துவிட்டதென்று கைபேசி சொல்லிற்று, தம்பி. நீ வந்து எத்தனை நாளாயிற்று?” அதற்கு என்னிடம் விடையில்லை. கடமை தீர்ந்தது என நான் எழுதி முடித்த கணக்கை அவர் ஒருபோதும் முடித்திருக்கவில்லை.

மறு ஆண்டு, வீட்டில் மூடிக்கிடந்த தையல் இயந்திரத்தைத் திறந்தேன். காடாத் துணி வாங்கி, மஞ்சளில் தோய்த்து, கோயிலுக்குக் கொண்டுசெல்ல ஒரு பை தைத்தேன். பேருந்தேறி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கையால் செய்து கொடுத்தல் நம் சமயத்திற்குப் புதிதன்று. அறுபத்து மூவரில் ஒருவரான நேச நாயனார் கம்பிலி நகரில் வாழ்ந்த நெசவாளர். உடையும் கீளும் கோவணமும் தம் கையால் நெய்து, நாடி வந்த அடியார்க்கு வழங்கியதே அவர் செய்த திருத்தொண்டு. அவர் தம் தொழிலை விட்டுவிட்டுத் தொண்டு தேடவில்லை, தொழிலே தொண்டாயிற்று.

நம் அண்ணாமலையிலும் இதற்குச் சான்று உண்டு. 1896 ஆம் ஆண்டு இங்கு வந்த ரமண மகரிஷி, மலையில் வாழ்ந்த காலத்தில் கிழிந்த கோவணத்தை, முள்ளையே ஊசியாகக் கொண்டு, அத்துணியிலிருந்தே உருவிய நூலால் தைத்துக்கொண்டார். முட்கள் நிறைந்த ஒரு கொம்பைப் பொறுமையாகச் செதுக்கி மெருகேற்றி, தன் கோலைத் தொலைத்து நின்ற ஆட்டிடையச் சிறுவனிடம் அளித்ததும் அவரே. உழைத்துச் செய்த பொருளைத் தேவைப்பட்டவன் கையில் சேர்த்ததோடு அவர் வேலை முடிந்தது.

பை தைக்க விரும்பும் அன்பர்களுக்கு ஒரு கணக்கு. 90 செ.மீ. அகலமுள்ள காடாத் துணியை முதலில் நீரில் ஊறவைத்து உலர்த்த வேண்டும். இல்லையேல் தைத்தபின் சுருங்கும். உலர்ந்தபின் ஒரு மீட்டர் அளந்தால் இரண்டு பைகள் கிடைக்கும். ஒவ்வொரு பைக்கும் 38 செ.மீ. அகலத் துண்டு ஒன்று. அதை இரண்டாக மடித்து, ஓரங்களைத் தைத்து, வாயை 4 செ.மீ. அளவுக்கு மடித்தடித்தால் ஏறத்தாழ 35 செ.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் அமையும். கைப்பிடிகளுக்கு 8 செ.மீ. அகலப் பட்டைகள் இரண்டு போதும். அவற்றைப் பாதியாக வெட்டினால் நான்கு கிடைக்கும். எஞ்சும் 8 செ.மீ. பட்டையை வீசிவிடாதீர்கள். கிழித்துத் திரித்தால் வீட்டு அகல்களுக்குத் திரியாகும். இயந்திரம் இல்லாதோர் கையாலும் தைக்கலாம். கொடியேற்றத்தன்று தொடங்கி நாளுக்கொன்றாகத் தைத்தால், பத்தாம் நாள் தீபத்திற்குள் ஒன்பது பைகள் ஆயத்தமாகிவிடும்.

தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்கு 2019 சனவரி முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் தொடங்கப்பட்டது. ஆயினும் 14 கி.மீ. கிரிவலப் பாதையில் நடப்போர், இன்னும் எத்தனை நெகிழிப் பைகள் காலில் சிக்குகின்றன என்பதை அறிவர். நாம் தைத்துத் தரும் ஒரு பை, உறவினருக்கு அன்பளிப்பு. அண்ணாமலையாருக்கோ திருவீதிப் பணி.

நான் தைத்த பையின் கதையைச் சொல்லி முடிக்க வேண்டும். தமக்கையார் அதில் தேங்காயும் பழமும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குச் சென்றபோது, வாயிலிலேயே கைப்பிடி பிய்ந்து தேங்காய் உருண்டோடிற்று. கைப்பிடியின் அடியில் நான் ஒற்றைத் தையலே போட்டிருந்தேன். சதுரமாகத் தைத்து, நடுவில் குறுக்காக இருமுறை ஓட்டினால்தான் பாரம் தாங்கும் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

வெட்கத்துடன், “வேறு தைத்துத் தருகிறேன், அக்கா” என்றேன். “வேண்டாம், நானே தைத்துவிட்டேன்” என்று எடுத்துக் காட்டினார். மஞ்சள் துணியின் மேல் சிவப்பு நூலில், கண் மங்கிய முதுமையின் கோணல் தையல். என் தையலைவிட அது உறுதியாக இருந்தது.

மகாதீபம் நிறைவுற்றபின், அத்திரியும் நெய்யும் எரிந்து கிடைத்த மை, மார்கழி ஆருத்ரா தரிசனத்தன்று நடராசப் பெருமானுக்குச் சாத்தப்பட்டு அன்பர்களுக்குப் பிரசாதமாகிறது. இப்போது ஆண்டுதோறும் அந்த மைப் பொட்டலத்தை நானே திருக்கோவிலூருக்குக் கொண்டுசெல்கிறேன். அதை வாங்கி அவர் பத்திரப்படுத்துவது, எங்கள் இருவர் தையலும் சேர்ந்த அந்தப் பையில்தான்.