அம்பர்: பெயர் ஒன்று, பொருள் வேறு

 

மலைநாட்டில் மழையும் பனியும் இறங்கிவிட்டால் மடித்து வைத்த துணியிலும் ஈரவாடை ஏறிவிடும். மஃரிபுக்கு முன் தணலில் சாம்பிராணி போடாத வீடு இங்கே குறைவு. ஹட்டனில் ஒரு தாய், மகளின் நிகாஹுக்குச் சேர்த்த பணத்தில் வாங்கிய சிறு அத்தர்க் குப்பியை அனுப்பி, "கோடி ஆண்டுப் பழைய மரப்பிசினில் எடுத்த அசல் அம்பர் என்று சொல்லி விற்றார்கள். உண்மையா, மௌலவி?" என்று கேட்டிருந்தார்.

அரபியில் 'அன்பர்' என்பது திமிங்கிலத்தின் குடலில் உண்டாகிக் கரையொதுங்கும் வாசனைப் பொருள். அது புதையலாகாது, கடல் ஒதுக்கியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) கூறியது புகாரியில் உள்ளது. மண்ணில் புதைந்து கல்லான மரப்பிசினோ 'கஹ்ருபா'. துரும்பைக் கவர்வது என்று பொருள்படும் பாரசீகச் சொல் அது. கம்பளியில் தேய்த்தால் துரும்பை இழுக்கும். அரபியில் மின்சாரத்துக்கு 'கஹ்ரபா' என்ற பெயர் வந்ததும் இதனால்தான். ஐரோப்பியர் இரண்டையும் அம்பர் என்றே அழைத்ததில் குழப்பம் பிறந்தது.

குஜராத்தின் வஸ்தான் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த இத்தகைய பிசின் சுமார் 5 கோடி ஆண்டுப் பழையது என 2010இல் ஆய்வாளர் வெளியிட்டனர். நம் நாட்டு 'ஹல்' மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த மரங்கள் வடித்தது அது. ஆனால் கல்லான பிசின் சும்மா வைத்தால் மணப்பதில்லை. மணம் தரும் எண்ணெய் என்றோ ஆவியாகிவிட்டது. சுட்டால்தான் பைன் மரப் பிசின் போன்ற புகைவாடை எழும்.

அப்படியானால் கடைகளில் 'அம்பர்' என விற்கும் இனிய வாசம் எது? பெரும்பாலும் மத்தியதரைக் கடல் நாட்டுச் செடியொன்றின் பிசின், வெனிலா, சாம்பிராணி ஆகியவற்றின் கலவை. சாம்பிராணியை அரபிகள் 'லுபான் ஜாவி' என்பர். சுமத்ரா பக்கத்திலிருந்து வருவது. அந்தத் தாயின் குப்பியையும் முகர்ந்து பார்த்தேன். அதே இனிப்பு வாசம்தான். பெருந்தொகை கொடுத்து அவர் வாங்கியது, அடுப்படி டப்பாவில் இருப்பதன் உறவுக்காரப் பொருளை!

கலப்பது குற்றமல்ல, மறைப்பதே குற்றம். கடைத்தெருவில் தானியக் குவியலின் அடியில் ஈரம் கண்ட நபி (ஸல்) அவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். விற்பவர் இதை நினைவில் வைக்கட்டும். சகோதரிகளே, நீங்களும் பெயருக்கு விலை கொடுக்காமல், "இதில் என்ன கலந்திருக்கிறது?" என்று கேட்டு வாங்குங்கள்.

அந்தத் தாய்க்குச் சொன்னேன்: "வாசம் நல்லதுதான், மகள் பூசிக்கொள்ளட்டும். அடுத்த குப்பிக்கான பணத்தை அவள் கையில் கொடுங்கள்."