முறைப்பாட்டைக் கேட்கத் தெரிந்த தமிழ்

2007 யூலை முதல் இலங்கை அரச சேவையில் சேருவோர் ஐந்து ஆண்டுகளுக்குள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என்று பொது நிர்வாகச் சுற்றறிக்கை விதித்தது. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி இருபது ஆண்டுகள் கழித்து வந்த நல்ல விதி அது. சிங்கள உத்தியோகத்தர்கள் பலர் தமிழ் படித்தார்கள், பரீட்சையும் எழுதினார்கள். இருந்தும், முறைப்பாட்டோடு பொலிசுக்குப் போகும் தமிழர் இன்றும் சிங்களம் தெரிந்த ஒருவரைத் துணைக்குத் தேட வேண்டியிருக்கிறது.

“மகன் நேற்றுப் பின்னேரம் வெளிக்கிட்டவன், இன்னும் வரேல்லை” என்று யாழ்ப்பாணத்துத் தாய் ஒருத்தி சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ‘புறப்பட்டான்’, ‘வரவில்லை’ என்று புத்தகத்தில் படித்தவருக்கு மகனும் நேற்றும்தான் பிடிபடும். மட்டக்களப்பில் பேச்சு வேறு, மலையகத்தில் வேறு. விளங்கியது பாதி, எழுதப்படுவது சிங்களத்தில்; தன்னால் வாசிக்க முடியாத வாக்குமூலத்தில் அவள் கையெழுத்து வைக்கிறாள். வாக்குமூலத்தைச் சொந்த மொழியிலேயே கொடுக்க வழி வேண்டும் என்று 2011 இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவும் பரிந்துரைத்தது.

யாரிடம், எப்போது, எப்படிப் பேசுவது என்பதும் மொழித் திறனுக்குள் அடங்கும் என்று மொழியியலாளர் டெல் ஹைம்ஸ் வாதிட்டு அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. பதறி நிற்கும் ஒரு முதிய பெண்ணிடம் ‘இருங்கோ அம்மா’ என்பதும் ‘இரு’ என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதில் இலக்கணப் பிழை ஏதுமில்லை, ஆனால் அவள் வாய் அத்தோடு மூடிவிடும். இதற்குப் புள்ளி குறைக்காத பரீட்சை எதை அளக்கிறது?

வாய்மொழிப் பரீட்சையை முறைப்பாட்டு மேசையிலேயே வையுங்கள். ஊர்ப் பேச்சில் ஒருவர் தன் குறையைச் சொல்லட்டும். உத்தியோகத்தர் கேட்டு, தமிழில் எழுதி, வாசித்துக் காட்டட்டும். “ஓம், நான் சொன்னது இதுதான்” என்று குறையைச் சொன்னவர் ஒப்புக்கொண்டால் சித்தி. விளங்காததைத் திரும்பக் கேட்பவருக்குப் புள்ளி கூட்டிக் கொடுக்கவேண்டும். விளங்கியதுபோல் தலையாட்டுகிறவர்தான் ஆபத்தானவர். சிங்களத்திலும் எழுத்துமொழிக்கும் பேச்சுமொழிக்கும் இடைவெளி பெரிது. ஆகவே தமிழ் உத்தியோகத்தரின் சிங்களத்தையும் இப்படியே சோதிக்கவேண்டும்.

இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. அரசகரும மொழிகள் திணைக்களம் தன் பரீட்சை முறையை மாற்றினால் போதும். அடுத்த பரீட்சையிலிருந்தே அதைத் தொடங்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.