ஓடுவதற்கு ஒரு கரை

கோடை விடுமுறையில் கொடைக்கானல் சென்று திரும்பிய குடும்பத்தினர் சிலர் அண்மையில் நம்மைக் காண வந்தனர். காலைதோறும் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் ஓடியதையும், மரங்களின் குளிர் நிழலையும், மூச்சில் கலந்த தைல மணத்தையும் மகிழ்ச்சி பொங்க விவரித்தனர். இறுதியில், "நம்ம காரைக்காலுக்கு அந்தக் குடுப்பினை ஏது சாமி?" என்று பெருமூச்சு விட்டனர். நாமும் அவர்களோடு சேர்ந்து பெருமூச்சு விட்டோம். அவர்கள் விடைபெற்றுச் சென்றபின் அந்தப் பெருமூச்சு நம் நெஞ்சைச் சுட்டது. அது உண்மையான பெருமூச்சன்று என்பதை நாம் அறிவோம்.

கொடைக்கானல் ஏரி இயற்கை அளித்த கொடையன்று. மதுரை மாவட்ட ஆட்சியராயிருந்த வீர் ஹென்றி லெவிஞ்சு என்பவர் 1863ஆம் ஆண்டில் நீரோட்டத்தை மறித்துக் கரை கட்டி உண்டாக்கியது அது. மனிதர் அமைத்த ஒரு நீர்நிலை. அதைச் சுற்றி மனிதர் அடைக்காமல் விட்டுவைத்த ஒரு பாதை. இவ்வளவே அதன் இரகசியம். அத்தகைய நீர்நிலை இல்லாத சிற்றூர் ஒன்றை நம் காரைக்கால் பகுதியில் யாரேனும் காட்ட முடியுமா?

நம்மிடம் மலையில்லை என்பது மெய்தான். கயிலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து ஏறியவர் என்று போற்றப்படும் அம்மையார் பிறந்த ஊரில் ஏறிப் பார்க்க ஒரு குன்றுகூட இல்லை. ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் சமவெளி நம்முடையது. ஆனால் அச்சமவெளியில் அரசலாறு, நாட்டாறு, நூலாறு, வாஞ்சியாறு, திருமலைராஜனாறு என்று காவிரியின் கைகள் எத்தனை! ஒவ்வோர் ஆற்றுக்கும் இரு கரைகள். ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு வரப்புவழி. ஒவ்வொரு குளத்துக்கும் நான்கு புறமும் மண்கரை. மலைப்பாதையில் ஓடுபவர் எதை நாடிச் செல்கிறார்? காலுக்கு இதமான மண், தலைக்கு மேல் நிழல், கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நீர், வண்டிகளின் இரைச்சலற்ற அமைதி. இந்நான்கும் நம் முன்னோர் வெட்டிவைத்த கரைகளில் இருந்தன. அவற்றை நாம் என்ன செய்தோம்?

சில கரைகளில் சீமைக் கருவேலமும் காட்டாமணக்கும் மண்டின. சில, குப்பை கொட்டும் இடங்களாயின. சில, அண்டை நிலத்தார் வேலிக்குள் ஆண்டுக்கு ஒரு முழமாக நகர்ந்து சென்றன. 2019ஆம் ஆண்டில் 'நம் நீர்' என்னும் திட்டத்தின்கீழ் மாவட்ட நிர்வாகமும் மக்களும் கைகோத்து, நூற்றுக்கும் மேற்பட்ட குளங்களை இங்கே தூர்வாரினர். போற்றத்தக்க பணி. குளத்தை மீட்டோம், அதைச் சுற்றி நடக்கும் உரிமையை மீட்டோமா என்பதே நம் கேள்வி.

பிறரைச் சாடுமுன் நம் குற்றத்தைச் சொல்லிவிடுகிறோம். இருபது ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஒரு பங்கில், ஆலய வளாகத்தை ஒட்டி ஒரு குளம் இருந்தது. இரண்டுக்கும் நடுவே கரைவழி. சிறார் பள்ளிக்குச் சென்றதும், பெண்கள் தலைச்சுமையோடு வந்ததும், படையில் சேர விரும்பிய இளைஞர் விடியுமுன் ஓடிப் பழகியதும் அவ்வழியில்தான். அவர்களிற் பெரும்பாலோர் குளத்துக்கு அப்பாலிருந்த தெருவினர். பங்குப் பேரவையில் ஓர் இருக்கையும் பெறாதவர்கள். ஆடுகள் புகுகின்றன, இரவில் குடிப்பவர்கள் அமர்கின்றனர் என்று பேரவை முறையிட்டது. நீர் விளிம்புவரை சுற்றுச்சுவர் எழுப்பினோம். அதற்கு இசைந்து கையொப்பமிட்டவரும், தீர்த்தம் தெளித்து அர்ச்சித்தவரும் நாமே.

ஓடிப் பழகிய இளைஞர் தேசிய நெடுஞ்சாலைக்குச் சென்றனர். வேறெங்கே செல்வர்? பனி மூடிய ஒரு மார்கழி விடியலில், சரக்குந்து ஒன்று அவர்களுள் ஒருவனை வீழ்த்திச் சென்றது. உயிர் பிழைத்தான், வலக்கால் பிழைக்கவில்லை. மருத்துவமனையில் நம் கையைப் பற்றியபோது சுவரைப்பற்றி அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. "இனிமே செலக்சனுக்குப் போக முடியாதுல்ல சாமி?" என்று மட்டும் கேட்டான். மறையுரைகளில் பல கேள்விகளுக்கு விடை சொல்லிப் பழகிய நமக்கு அன்று விடை கிட்டவில்லை.

"ஓட்டமும் நடைப்பயிற்சியும் வசதி படைத்தோர் பொழுதுபோக்கு, அதைப் பற்றி ஒரு பங்குக் குரு எழுதலாமா?" என்று கேட்போர் உளர். அவர்களைக் கேட்கிறோம்: வசதி படைத்தவருக்குக் கரை எதற்கு? அவருக்குக் கொடைக்கானல் உண்டு. குளிரூட்டிய அறையில் ஓடுபொறி உண்டு. கரையையன்றி வேறெதுவும் இல்லாதவர் ஏழையே. இராணுவத் தேர்வில் 1.6 கிலோமீட்டர் ஓட வேண்டிய இளைஞனுக்கும், சர்க்கரை நோய்க்காக நடக்கும்படி மருத்துவர் சொன்ன மீனவத் தாய்க்கும், ஊரார் கண்ணுக்கு அஞ்சிச் சாலையில் ஓடத் தயங்கும் நம் பெண்மக்களுக்கும் பாதுகாப்பான ஒரு மண்வழி ஆடம்பரமா? நகரில் அரசலாற்றை ஒட்டிய நடைபாதையில் மாலைதோறும் கூடுவோரைப் பாருங்கள். அந்தப் பசி சிற்றூர்களில் இல்லையென்று யார் சொன்னது?

கென்ய நாட்டின் மேட்டுநிலத்தில் இட்டென் என்றொரு சிற்றூர் உண்டு. 1976ஆம் ஆண்டில் பேட்ரிசியன் சபையைச் சேர்ந்த அயர்லாந்துச் சகோதரர் கொலம் ஓ'கானல், அங்குள்ள புனித பேட்ரிக் பள்ளிக்குப் புவியியல் கற்பிக்கச் சென்றார். அவர் தடகளப் பயிற்சி முறைகளைக் கற்றவரல்லர். ஊரைச் சுற்றிக் காட்டோரமாய்ச் சென்ற செம்மண் வழிகளில் மாணவரை ஓடச்செய்தார். அவர்கள் ஓடுவதைக் கண்டு தாமும் கற்றார். அவரிடம் பயின்ற டேவிட் ருடிஷா, 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 நொடியில் கடந்து உலக சாதனை படைத்தார். ஒரு துறவி, ஒரு பள்ளி, யாரும் அடைத்துவிடாத மண்வழிகள். நம்மிடம் துறவியரும் பள்ளிகளும் உண்டு. வழிகள்தாம் இல்லை.

"திருச்சபைக்கு இதில் என்ன வேலை?" என்று மற்றொரு வினா எழலாம். மாற்கு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஆண்டவர் சீடரோடு படகேறித் தனித்த இடத்துக்குச் செல்கிறார். அதையறிந்த மக்கள் ஊர்களிலிருந்து கரைவழியே ஓடி, படகுக்கு முன்பே அங்குச் சேர்ந்துவிடுகின்றனர். அன்று கலிலேயக் கடலின் கரையை யாரேனும் சுவரெழுப்பி அடைத்திருந்தால், அப்பம் பகிரப்பட்ட அந்த மாலையில் உண்பதற்கு யார் வந்திருப்பர்? படைப்பின் பொருள்கள் அனைத்தும் அனைவருக்கும் உரியவை என்பது திருச்சபையின் பழம்போதனை. இடங்கள் தனியார் உடைமையாகும்போது எழில்மிகு பகுதிகளை அணுகும் வாய்ப்பை மக்கள் இழக்கின்றனர் என்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டின் சுற்றுமடலில் வெளிப்படையாகவே சுட்டினார். அம்மடலைப் பங்குகளில் வாசித்தோம், கருத்தரங்கும் நடத்தினோம். சுவர்கள் அப்படியே நின்றன.

மூன்றாவது சாராரும் உண்டு. "அரசு பூங்கா அமைத்துத் தரட்டும்" என்பர். பூங்கா வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் சிமெண்டுக் கற்கள் பாவி, மரங்களை வெட்டி, இரும்பு வாயில் பொருத்தி, நேரம் குறித்துப் பூட்டி, கட்டணமும் பெற்றால், அது மீண்டும் ஒரு வேலியே. பின்லாந்தில், வீட்டு முற்றமும் விளைநிலமும் நீங்கலாக, எவருடைய காடாயினும் தீங்கிழைக்காமல் எவரும் நடந்து செல்லலாம் என்பது வழிவழி வந்த உரிமை. நாம் கேட்பது அவ்வளவு கூட இல்லை. பொதுவாயிருந்தது பொதுவாகவே இருக்கட்டும் என்கிறோம்.

மலைக்காடுகளுக்கே போய் ஓடலாமே என்போர்க்கும் ஒரு சொல். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில், மலையேறச் சென்றோர் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் தமிழக அரசு விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 40 மலைப்பாதைகளை வழிகாட்டிகளோடும் முன்பதிவோடும் திறந்தது. அக்கட்டுப்பாடு முறையானதே. காடு முதலில் விலங்குகளுக்கும் அங்கு வாழும் மக்களுக்கும் உரியது. நம் ஓய்வுநாள் ஏக்கத்தைத் தீர்க்கும் திடலன்று. ஆகவேதான் சொல்கிறோம்: அயலார் மலையை மிதிப்பதினும் நம் கரையை மீட்பது நன்று.

அதற்கு வழியில்லாமலில்லை. குளம் முதலான ஊர்ப் பொதுநிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்க வேண்டுமென உச்சநீதிமன்றம் 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் எல்லா மாநிலங்களுக்கும் கட்டளையிட்டது. நம் பங்குப் பேரவைகள் தத்தம் ஊரின் நில அளவை வரைபடத்தை வாங்கிப் பார்க்கட்டும். குளமும் கரையும் எங்கே முடிகின்றன, ஆலய நிலம் எங்கே தொடங்குகிறது என்று அளக்கட்டும். முதலில் நம் வேலி நகரட்டும்; அதன்பின் கொம்யூன் பஞ்சாயத்திடம் சென்று பிறர் வேலியைப் பற்றிப் பேசுவோம். அப்போதுதான் நம் சொல் எடுபடும். மீட்ட கரையில் புன்னையும் நாவலும் வேம்பும் நடுவோம். மண்ணை மண்ணாகவே விடுவோம். ஆகஸ்டு இறுதியில் கொடியேற்றத்துக்காக வேளாங்கண்ணி நோக்கி நெடுஞ்சாலையோரம் நடக்கும் திருப்பயணிகளையும், எங்கெல்லாம் இயலுமோ அங்கெல்லாம் கரைவழிக்குத் திருப்பிவிடுவோம்.

பவுலடியார் தம் வாழ்வை ஓட்டத்துக்கு ஒப்பிட்டதை மேடைதோறும் சொல்லி மகிழ்கிறோம். ஓடுவதற்கு வழி வேண்டும் என்பதை அவர் எழுதவில்லை. வழியை அடைப்போம் என்று அவர் எண்ணியிருக்க மாட்டார்.

நாம் எழுப்பிய சுவரில் ஒரு வாயில் திறக்குமாறு அப்பங்கின் இந்நாள் பேரவைக்கு மடல் எழுதியிருக்கிறோம். செலவை நாமே ஏற்பதாகவும் குறித்திருக்கிறோம். மறுமொழி இன்னும் வரவில்லை. வராவிடில், நேரில் சென்று அந்தத் தெருவினரோடு அமர்ந்து கேட்போம். இதை வாசிக்கும் அன்பர்களே, உங்கள் ஆலயத்தின் சுற்றுச்சுவர் எங்கே நிற்கிறது? ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஒருமுறை அதைச் சுற்றி நடந்து பாருங்கள், சுற்றி வர வழியிருந்தால்.