பதநீருக்கு மார்க்கு

குடும்பப் பத்திரிகையில் பீரைப் பற்றிப் பேச்சா என்று மாமியார்மார்கள் மூக்கில் விரல் வைக்க வேண்டாம், ஒரு நிமிஷந்தான். 'இந்தியா பேல் ஏல்' என்று ஒரு பீர் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி இங்கே வந்த சரக்கு. மாதக்கணக்கான பிரயாணத்தில் கெடாமலிருக்க ஹாப் என்னும் கொடியின் பூவைத் தாராளமாகச் சேர்த்தார்கள். அதனால் ஒரே கசப்பு. இன்று அதைச் சுவைத்து மார்க்குப் போடுவது சிலருக்குப் பொழுதுபோக்கு!

நம் பனையேறிக்குப் பூவுக்குப் பதில் சுண்ணாம்பு. கலயத்தின் உட்புறம் தடவினால் பதநீர். தடவாவிட்டால் புளித்துக் கள்.

பங்குனியில் இராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்து அய்யனார் கோவிலுக்குப் போனோம். ஓடையில் தண்ணீர் கணுக்காலளவுதான். வழியில் இரண்டு இடத்தில் வாங்கிய பதநீருக்கு நானும் மார்க்குப் போட்டேன். கடையில் வாங்கியது ஜில்லென்று, பாகாய்த் தித்தித்தது: பத்துக்கு ஒன்பது. சைக்கிளில் வந்த பெரியவர் பனையோலைப் பட்டையில் ஊற்றியதில் நாக்கோரம் சுண்ணாம்புக் காரம்: ஐந்து.

"ஐஸும் சீனியும் போட்டால் எதுதான் இனிக்காது, அக்கா?" என்றாள் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரியான என் ஓரகத்தி.

தூக்குகளில் இருந்த மிச்சத்தை ஓடைக்கரையில் மறுபடி ருசி பார்த்தோம். ஐஸ் கரைந்த முதலாவது, வெறும் சர்க்கரைத் தண்ணீர். மற்றதில் பனை மணம் அப்படியே இருந்தது. பாளை சீவக் காலையும் மாலையும் மரமேறுகிறவர் அந்தப் பெரியவர். அவரிடம்தான் நான் பத்து ரூபாய் பேரம் பேசிக் குறைத்திருந்தேன்.

மார்க்கை மாற்றிப் போட்டேன். திரும்பும்போது சைக்கிளைத்தான் காணோம்.