இரு நாட்டு மைந்தர்

உதைபந்தாட்டம் என்றால் ஊரே திரளும் நாடு மன்னார். பள்ளிமுனை, பேசாலை, வங்காலை ஆகிய ஊர்களில் நடக்கத் தொடங்கிய சிறுவனுக்குப் பந்தும் கூடவே அறிமுகமாகிவிடுகின்றது. இலங்கை அணியின் பின்களத்தைக் காத்துநின்ற டக்சன் பியூஸ்லஸ் மன்னார் ஈன்ற வீரரே. எந்நாட்டுக்கு ஆடுவது என்னும் கேள்வி அவருக்கு எழவில்லை. அண்மைக்காலத்தில் அதே அணியிற் சேர்ந்த வேறு சிலருக்கோ அக்கேள்வி எழுந்தது. ஜேர்மனியிற் பிறந்த வசீம் ராசிக், லண்டனிற் பிறந்த டிலன் டி சில்வா, சுவீடனில் வளர்ந்த ஆதவன் ராஜமோகன் ஆகியோர் அத்தகையோர். "இவர்கள் நம்மவர்தாமா?" என வினவுவோரும் உளர்.

இக்கேள்வி புதியதன்று. 1954இல் ஹங்கேரிக்காக உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் ஆடிய புஸ்காஸ், 1962இல் ஸ்பெயினுக்காக ஆடினார். 1958இல் பிறேசில் அணியில் இருந்த அல்தாபினி, 1962இல் இத்தாலி அணியில் இருந்தார். அதன் பின்னரே பீபா எனப்படும் சர்வதேசச் சம்மேளனம் விதிகளை இறுக்கிற்று. பின்னர் அவை படிப்படியாகத் தளர்ந்தன. 2020இல் வந்த திருத்தத்தின்படி, 21 வயது நிறையுமுன் ஒரு நாட்டின் முதன்மை அணிக்காக மூன்று போட்டிகளுக்கு மேல் ஆடாதவர், மூன்று ஆண்டுகள் கழிந்தபின் மற்றொரு நாட்டுக்கு மாறலாம். உலகக் கிண்ண இறுதிச் சுற்றில் ஆடியவருக்கு இச்சலுகை இல்லை. மேலும், முதல் நாட்டுக்கு முதன்முதல் ஆடிய அன்றே மற்ற நாட்டின் பிரசாவுரிமையும் அவரிடம் இருந்திருத்தல் வேண்டும்.

இக்கடைசி நிபந்தனையையே நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். இங்கே முடிவு சொல்வது நாட்டுப்பற்று அன்று, பிரசாவுரிமைப் பத்திரமே. இலங்கைச் சட்டம் 1987 முதல் இரட்டைப் பிரசாவுரிமைக்கு இடமளிக்கின்றது. இந்தியச் சட்டம் இடமளிப்பதில்லை. ஆதலின் அராத்தா இசுமி என்னும் வீரர் யப்பானியப் பிரசாவுரிமையைத் துறந்த பின்னரே இந்தியாவுக்கு ஆட முடிந்தது.

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர். 1983இன் பின்னரும் 1990இலும் இக்கடலைக் கடந்து மண்டபம் முகாமை அடைந்தோர் பல்லாயிரவர். அங்கே பிறந்த பிள்ளை இந்திய மண்ணிற் பிறந்ததாயினும், 1987 ஜூலை முதலாந் திகதிக்குப் பின் பிறந்ததாயின், பெற்றோருள் ஒருவரேனும் இந்தியப் பிரசையாக இல்லாவிடின், பிறப்பினால் இந்தியப் பிரசை ஆவதில்லை. இலங்கைப் பிரசையாவதற்கோ அதன் பிறப்பை இலங்கை அரசிடம் பதிதல் வேண்டும். பதியாவிடின் இரு நாடுகளுக்கும் இடையே நிற்கும் அப்பிள்ளைக்கு, எத்துணைத் திறமை இருப்பினும், அணியும் இல்லை, கடவுச்சீட்டும் இல்லை.

ஒரே கரையிலிருந்து புறப்பட்ட இரு குடும்பங்களில், ஐரோப்பாவை அடைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இரு நாடுகள். மண்டபத்தை அடைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு ஒன்றேனும் உறுதியில்லை. இரு நாடுகளுள் ஒன்றைத் தெரிந்தெடுப்பவனை நன்றி மறந்தவன் எனத் தூற்றுதல் தகாது. தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரு வீடுகள் உடையவன் எந்த வீட்டில் விளக்கேற்றினாலும் மற்றதற்குப் பகைவன் ஆவானா? தெரிந்தெடுக்கவே வழியற்று நிற்பவன்பால் அன்றோ நம் கவலை செல்லுதல் வேண்டும்!

கடல் கடந்து வாழும் உறவினர் நம்மில் யாருக்கு இல்லை? அடுத்த கடிதத்தில் நலம் விசாரிக்கும்போது, பிள்ளையின் பிறப்பைப் பதிந்தாயிற்றா என்றும் ஒரு வரி கேட்போமாக. பந்தாட்டத்துக்கு மட்டுமன்றிப் படிப்புக்கும் தொழிலுக்கும் திருமணத்துக்கும் அப்பத்திரமே முதற்படியாகும்.