பேர் பொருந்தினால் லென்ஸ் பொருந்தாது

எங்களிடம் ஒரு லென்ஸ் இருக்கிறது. கண்ணாடியில் கீறல் இல்லை, பூஞ்சணம் இல்லை. ஒரேயொரு குறைதான்: அது எங்கட கமராவில் ஏறாது.

கமரா மமியா ஆர்பி67. லென்ஸ் மமியா ஆர்இசட்67க்குச் செய்தது. இரண்டும் ஒரே கொம்பனி. இரண்டும் 120 பிலிமில் 6×7 அளவுப் படம் எடுப்பவை. தூரத்தில் நின்று பார்த்தால் அண்ணன் தம்பி. "மமியா 67 தானே, தாராளமாப் போடலாம்" எண்டுதான் வித்தவர் சொன்னார். கலைப்பீடத்தில் படிக்கிற வன்னிப் பிள்ளைகள் ஒன்பது பேர், மகாபொலக் காசிலும் ரியூஷன் குடுத்த காசிலும் மிச்சம்பிடித்துக் கட்டிய பணம் அது.

வித்தவரைத் திட்டுறதுக்கு இதை எழுதவில்லை. அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். நாங்கள் சண்டைக்கு நிற்பது இரண்டு பழக்கங்களோடு. ஒன்று, பேரைப் பார்த்து லென்ஸ் வாங்குறது. மற்றது, தெரிந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு வாய்மூடி இருக்கிறது.

முதலில், ஏன் இந்தக் கமரா? எங்கட வீடுகள் பலவற்றில் 2009க்கு முந்தின படங்கள் இல்லை. கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று ஓடின பாதையில் அல்பங்கள் எங்கேயோ விடுபட்டன. எஞ்சினது அடையாள அட்டைப் படமும், வெளிநாட்டுச் சொந்தக்காரர் யாரோ வைத்திருந்த கலியாணப் படமும்தான். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் குந்தினபோது நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அம்மாமார் நெஞ்சோடு பிடித்திருந்த படங்களில் பல, சின்னப் படத்தைப் பெருப்பித்தவை. பெருப்பிக்கப் பெருப்பிக்க முகம் உடைந்துபோயிருக்கும். அதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு ஒரு ஆசை: ஊரில் இருக்கிற ஆச்சிமாரையாவது, பெருப்பித்தாலும் உடையாத படமாக எடுத்து வைக்க வேணும். 6×7 நெகட்டிவின் பரப்பு சாதாரண 35 மி.மீ. நெகட்டிவைப்போல நாலரை மடங்கு. அதுதான் காரணம், ஸ்ரைல் இல்லை.

சரி, இனி சண்டைக்கு வருவம்.

"ஒரே கொம்பனி எண்டால் பொருந்தும்." பொய். ஆர்பி67 1970இல் வந்தது. பற்றரியே தேவையில்லாத முழு இயந்திரக் கமரா. ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கும், வேகத்தையும் லென்ஸிலேயே வைக்க வேணும். ஆர்இசட்67 1982இல் வந்த மின்னணுக் கமரா. அதன் லென்ஸில் இருக்கிற ஷட்டருக்குக் கட்டளை கமராவிலிருந்து மின்சாரமாகப் போகிறது. ஆகவே ஆர்பி லென்ஸை ஆர்இசட்டில் போட்டு எடுக்கலாம். ஆர்இசட் லென்ஸை ஆர்பியில் போட ஏலாது. அண்ணன்ர சட்டை தம்பிக்குக் காணும், தம்பியின்ர சட்டை அண்ணனுக்கு ஏறாது. இந்த ஒரு வசனத்தை யாராவது எங்களுக்குத் தமிழில் சொல்லியிருந்தால் ஒன்பது பேரின் காசு மிஞ்சியிருக்கும்.

மமியாவோடு இது முடியவில்லை. மமியா 645இன் பழைய, கையால் குவியம் பிடிக்கிற லென்ஸுகள் அந்தக் காலத்து 645 உடல்களுக்குள் மாறி மாறிப் பொருந்தும். பிறகு வந்த ஓட்டோபோகஸ் லென்ஸ் அந்தப் பழைய உடல்களுக்கு ஆகாது. புரொனிக்காவில் ஈடிஆர், எஸ்கியூ, ஜிஎஸ்-1 என்று மூன்று வரிசைக்கும் மூன்று மவுண்ட், ஒன்றின் லென்ஸ் மற்றதுக்கு உதவாது. 'ஹசல்பிளாட் லென்ஸ்' எண்டு சொன்னாலே எங்களில் சிலருக்குக் கை நடுங்கும். ஆனால் ஹசல்பிளாட் எஃப் வரிசை லென்ஸுகளுக்குள் ஷட்டர் இல்லை. 500சி போன்ற உடல்கள் லென்ஸில் இருக்கிற ஷட்டரை நம்பி நிற்பவை. இரண்டையும் சேர்த்தால் கலியாணம் நடக்கும், குடும்பம் நடக்காது.

மறுபக்கமும் பாருங்கள். பென்ரகன் சிக்ஸ் கிழக்கு ஜேர்மனியில் செய்தது. கீவ் 60 சோவியத் உக்ரேனில் செய்தது. நாடு வேறு, கொம்பனி வேறு, ஆனால் மவுண்ட் ஒன்று. ஜேனாவில் செய்த 80 மி.மீ. பயோமெற்றார் இரண்டிலும் ஏறும். அதே கீவ் தொழிற்சாலையின் பழைய கீவ் 88இல் அது நேராக ஏறாது. பேர் எதையும் சொல்லாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?

"நல்ல லென்ஸா எண்டு மட்டும் பார்." இது அடுத்த உபதேசம். நல்லதா என்பது மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி: என்ர உடலின் முழுப்பேர் என்ன, அந்த உடலுக்கு இது ஏறுமா? ஆர்பி67க்குள்ளேயே ப்ரோ எஸ், ப்ரோ எஸ்டி என்று உண்டு. கடைசியில் வந்த கேஎல் லென்ஸுகளில் சில எஸ்டிக்கு மட்டும் ஆனவை. இரண்டாவது கேள்வி: ஷட்டர் எங்கே இருக்கிறது? மமியா 645 போலப் பிலிமுக்கு முன்னால் துணித்திரை ஓடுற கமராவில் ஷட்டர் ஒன்றுதான். ஆர்பி போன்றதில் ஒவ்வொரு லென்ஸோடும் ஒரு ஷட்டரையும் சேர்த்து வாங்குறீர்கள். நாலு லென்ஸ் எண்டால் பழுதாக நாலு ஷட்டர். திருத்த ஆள் தேடிக் கொழும்புக்கு பஸ் ஏறுற எங்களுக்கு அது சின்ன விசயமில்லை. ஆகவே காசு குடுக்க முதல் ஒரு செக்கனுக்கு வைத்து அடித்துப் பாருங்கள். எண்ணெய் இறுகின ஷட்டர் முதலில் தூங்குவது மெதுவான வேகத்தில்தான்.

பிறகு எங்கட காற்று. ஐப்பசியில் தொடங்கி மார்கழி தாண்டியும் மழை. அலுமாரிக்குள் தோல் பையில் மூடி வைத்த லென்ஸுக்குள் பூஞ்சணம் சிலந்தி வலைபோலப் படரும். முன்னுக்கிருந்து பார்த்தால் தெரியாது. அப்பேச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கத்தால் ரோச் அடித்துப் பார்க்க வேணும். "கொஞ்சப் பூஞ்சணம் படத்தில தெரியாது" என்பவர்களை நம்பாதீர்கள். இண்டைக்குக் கொஞ்சம், அடுத்த மாரிக்கு நிறைய. வாங்கினதைக் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

"தெரியாட்டில் ஏன் பிலிம்? போனில எடுங்கோவன்." போனில் எடுக்கிறோம், எடுப்போம். ஆனால் போன் தண்ணிக்குள் விழுந்தால் படமும் போகுது எண்டு அழுத வீடுகள் எங்கட ஊரில் இல்லையா? நெகட்டிவ் கையில் பிடிக்கிற பொருள். ஒருக்கால் எல்லாவற்றையும் விட்டுட்டு ஓடின சனத்துக்கு, மடியில் கட்டிக்கொண்டு போகக்கூடிய பொருளின் அருமை தெரியும். இந்த ஆசை கொழும்புக்காரருக்கும் காசுக்காரருக்கும் மட்டும் உரியது எண்டு யார் தீர்மானித்தது?

எங்களுக்கு உண்மையான கோவம் வேற இடத்தில். ஆர்இசட் லென்ஸைத் தூக்கிக்கொண்டு திரிந்தபோது, படக்கலை தெரிந்த ஒரு அண்ணா சிரித்தார். "எனக்கு அப்பவே தெரியும்." அப்பவே தெரிந்தால் அப்பவே ஏன் சொல்லவில்லை? "பட்டுத்தான் படிக்க வேணும்" எண்டார். பட்டது காணாதா அண்ணா எங்களுக்கு? அறிவைப் பூட்டி வைத்துவிட்டு, அது இல்லாதவனைப் பார்த்துச் சிரிப்பது கலை இல்லை, முதலாளித்தனம். அதன் விலையைக் கட்டுவது எப்பவும் காசு குறைந்தவன்தான்.

விலை காசில் மட்டும் நிற்கவுமில்லை. பிழை லென்ஸோடு ஐந்து மாதம் போனது. படம் எடுக்கவெண்டு நாங்கள் எழுதின பட்டியலில் முதல் பேர் ஒரு ஆச்சியுடையது. எந்தச் சேலை உடுத்துறது எண்டும் எடுத்து வைத்திருந்தா. மாரி முடிய முதல் போயிட்டா. சாவீட்டில் வைத்தது அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்ததுதான்.

இப்போது ஒரு 127 மி.மீ. லென்ஸ் எடுத்திருக்கிறோம். பழைய சேகோர், பேருக்குப் பின்னால் 'சி' எழுத்துக்கூட இல்லை. வெயில் நேரே விழுந்தால் படம் வெளிறும், அதுக்குக் கொப்பியால் மறைத்துக்கொள்கிறோம். எங்கட ப்ரோ எஸ் உடலில் சரியாக ஏறுது. ஒரு செக்கன் ஒரு செக்கனாகவே ஓடுது. முகம் எடுக்க இந்த ஒண்டு போதும். பட்டியலில் மிச்சம் பதினொரு பேர் இருக்கினம்.

ஆர்இசட் லென்ஸை விற்கப் போகிறோம். பெட்டிக்கு மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியாச்சு: "ஆர்இசட்67க்கு மட்டும். ஆர்பிக்குப் போடேலாது." விலை குறையும் எண்டு ஒருத்தன் சொன்னான். குறையட்டும்.