மௌனம் அரணாகாது

பல்வகைக் குறைபாடுகளை ஒருங்கே உடைய இளம் பராயத்தினர்க்குச் சமூக, பாலியற் கல்வி வேண்டும் என்றவுடன் இரு விடைகள் எழுகின்றன. "அவர்கள் குழந்தைகள், இஃது எதற்கு?" என்பது ஒன்று. "உறங்கும் உணர்ச்சியை நாமே தட்டி எழுப்புவதா?" என்பது மற்றொன்று. இவை ஒன்றையொன்று மறுப்பன. குழந்தைகளாயின் எழுப்புதற்கு உணர்ச்சி இல்லை. உணர்ச்சி உண்டாயின் அவர்கள் குழந்தைகள் அல்லர்.

பருவம் எவரது அனுமதியையும் கேட்டு வருவதன்று. கட்புலனும் செவிப்புலனும் இழந்த ஹெலன் கெல்லர் 1904இல் பட்டம் பெற்றார்; எழுத்தாளராகப் புகழும் எய்தினார். எனினும் 1916இல், தமது 36ஆம் வயதில், பீற்றர் பேகன் என்பாரை மணக்க விழைந்தபோது குடும்பத்தார் தடுத்தனர். அவரது அறிவைப் போற்றியோரே அவரது காதலை ஏற்க மறுத்தனர்.

1994இல் இந்தியாவின் புனே நகரில், அரச காப்பகமொன்றில் வாழ்ந்த உளவளர்ச்சிக் குறைபாடுடைய பெண்கள் பலரின் கருப்பைகள் அகற்றப்பட்டன. மாதவிடாயின்போது தம்மைப் பேண அறியாதவர்கள் என்பதே கூறப்பட்ட நியாயம். கற்பிக்க வேண்டிய இடத்திற் கத்தி புகுந்தது!

இவ்விளைஞருட் பலரைக் குளிப்பாட்டவும் உடுத்தவும் பிறர் கைகளே வேண்டும். நாள்தோறும் பல கைகள் தீண்டும் உடலுக்கு உரியவர்க்கே தீண்டலைப் பற்றி நாம் எதுவும் கூறுவதில்லை. பராமரிப்பு எது, அத்துமீறல் எது என்று அறியாதவர் எவ்வாறு மறுப்பார்? உறுப்பின் பெயரையே அறியாதவர் எவ்வாறு முறையிடுவார்? இவ்வறியாமையால் நன்மை பெறுபவன் கயவன் ஒருவனே.

இக்கல்வி மேனாட்டு ஆடம்பரமன்று; கலவி பற்றிய விரிவுரையுமன்று. உறுப்புகளின் பெயர், தனியிடம் பொதுவிடம் என்னும் வேறுபாடு, "வேண்டாம்" என உணர்த்தும் வழி, நட்பும் காதலும் வேறுபடும் விதம் ஆகியவையே இதன் அரிச்சுவடி. பேச இயலாதார்க்குச் சைகையும் பட அட்டைகளும் உண்டு. காணவும் கேட்கவும் இயலாதார்க்குத் தொட்டறியும் மாதிரியுருக்கள் உண்டு. உடை மாற்றுமுன் இசைவு கேட்டு, விடைக்காகக் காத்திருக்கும் தாயும் இக்கல்வியின் ஆசிரியையே.

2006இல் நிறைவேறிய, இயலாமையுடையோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 23ஆம் உறுப்புரை, வயதுக்கேற்ற இனவிருத்தி, குடும்பத் திட்டக் கல்வியைப் பெறும் உரிமையை அவர்க்கு ஏற்றளிக்கின்றது. இலங்கை 2016இல் அதனை ஏற்புறுதி செய்தது. அவ்வுறுதி ஏட்டில் உறங்குதற்கன்று.

நாளைய ஆசிரியரும் சட்டத்தரணிகளும் சமூக சேவை உத்தியோகத்தரும் இப்பல்கலைக்கழகத்திலிருந்தே செல்லவுள்ளனர். இப்பொருளைப் பேச அவர்கள் இங்கேயே பழகுதல் வேண்டும். நம் நாணத்தின் விலையை இவ்விளைஞர் இனியும் செலுத்தலாகாது.